கொழும்பில் மென்பொருள் ஆதரவுப் பிரிவில் வேலையைத் தொடங்கியவர்களிடம் ஒரு கேள்வி

மெரைன்டிரைவ் எழுதியது:

என் அக்காவின் மகள் பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். இரண்டு இடங்களிலிருந்து பதில் வந்திருக்கிறது. ஒன்று நிரலாக்கப் பயிற்சியாளர் வேலை. கொடுப்பனவு மிகக் குறைவு, ஆறு மாதத்துக்குப் பிறகு நிரந்தரமாக்குவார்களா என்பதும் நிச்சயமில்லை. மற்றது கணக்கியல் மென்பொருள் விற்கும் நிறுவனமொன்றின் ஆதரவுப் பிரிவில் நிரந்தர வேலை. "மாமா, சப்போர்ட்டில் சேர்ந்தால் அங்கேயே கிடக்க வேண்டியதுதான் என்று என்னோடு படித்தவர்கள் சொல்கிறார்கள். நீங்களும் அதில்தானே தொடங்கினீர்கள்?" என்று கேட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் அவள் முடிவு சொல்ல வேண்டும். அவளுக்குச் சொல்வதற்கு முன் உங்களிடம் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. முதலில் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

நான் 1997 இல் பம்பலப்பிட்டியில், காலி வீதியைப் பார்த்த ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்த சிறிய நிறுவனத்தில் சேர்ந்தேன். ஆதரவுப் பிரிவு என்பது இரண்டு தொலைபேசிகள், ஒரு மேசை, நான், எனக்கு முன்னரே சேர்ந்திருந்த ஓர் அண்ணன், இவ்வளவுதான். எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் புறக்கோட்டை வியாபாரிகள். நான்காம் குறுக்குத் தெருவில் அரிசி, சீனி, பருப்பு மொத்த வியாபாரம் செய்பவர்கள், செட்டியார் தெரு நகைக்கடைக்காரர்கள், அவர்களுக்குக் கணக்கெழுதும் கணக்கப்பிள்ளைகள். மென்பொருள் கிளிப்பர் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டு டொஸ் இயங்குதளத்தில் ஓடியது. கணினிகளை ஒரே கோஎக்ஸியல் கேபிள் வரிசையாக இணைத்தது; அந்தக் கேபிளின் இரண்டு நுனிகளிலும் செருகியிருக்கும் விரலளவு டெர்மினேட்டரில் ஒன்று கழன்றாலும் கடை முழுவதிலும் வேலை நின்றுவிடும். காலையில் கடை கூட்டும்போது தும்புத்தடி பட்டு அது கழன்ற நாட்கள் எத்தனையோ.

சேர்ந்த முதல் மாதத்தில் எனக்குப் பெரும் சிரமமாக இருந்தது மென்பொருள் அல்ல, வாடிக்கையாளர்களின் சொற்கள். சிங்களத்தில் பேசும் எழுதுவினைஞர்கள் எல்லாவற்றுக்கும் "ஹிர வெலா" என்பார்கள். இறுகிவிட்டது, சிக்கிக்கொண்டது என்று அதற்குப் பொருள். தமிழ் முதலாளிமார் "மெசின் செத்துப் போச்சு தம்பி" என்பார்கள். பிரிண்டரில் கடதாசி தீர்ந்திருந்தாலும் "ஹிர வெலா" தான், இன்னொருவர் அதே கணக்கைத் திறந்து வைத்திருப்பதால் நிரல் காத்துக்கொண்டிருந்தாலும் "ஹிர வெலா" தான். நான் ஆரம்பத்தில் இதைக் கேட்டு எரிச்சலடைந்தேன். திரையில் என்ன பிழைச்செய்தி இருக்கிறது என்று சரியாகச் சொல்ல முடியாதா என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வேன். கூட இருந்த அண்ணன்தான் ஒருநாள், "அவர் பிழையைச் சொல்ல எடுக்கவில்லை, வேலை நின்றுபோனதைச் சொல்லத்தான் எடுத்திருக்கிறார், எந்த வேலை நின்றது என்று கேளும்" என்றார். அன்றிலிருந்து என் முதல் கேள்வி அதுதான். பற்றுச்சீட்டு எழுதும்போதா, அச்சிடும்போதா, நாள் முடிவுக் கணக்குப் பார்க்கும்போதா? அதற்குப் பதில் கிடைத்தால் பாதித் தூரம் வந்தாயிற்று.

ஒரு சம்பவத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். 2001 இல் மழை பொய்த்து, நீர்மின் உற்பத்தி குறைந்து, மின்வெட்டு அமுலில் இருந்த காலம். மொத்த வியாபாரக் கடை ஒன்றிலிருந்து முதலாளி பேசினார்: "தம்பி, இண்டைக்கு எழுதின பில் எல்லாம் கரைஞ்சு போச்சு." மின்சாரம் நின்றிருக்கிறது. கோப்புகள் இருந்த சேவையகக் கணினிக்கு மட்டும் யூ.பி.எஸ். இருந்தது, பில் எழுதும் கணினிக்கு இல்லை. அந்தக் கணினிதான் விற்பனைக் கோப்பைத் தனக்கென்று திறந்து வைத்திருந்தது. மின்சாரம் திரும்பியதும் பார்த்தால் நேற்றைய கடைசிப் பில்லோடு கோப்பு முடிந்திருந்தது.

நான் ஒரு புளொப்பியை எடுத்துக்கொண்டு போனேன். கோட்டைச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டி, கடைக்குப் போய்ச் சேரும்போது பின்னேரம் ஆகிவிட்டது. எங்கள் மென்பொருள் பில்களைச் சேமித்தது டிபேஸ் வகைக் கோப்பில்; அதன் தலைப்பகுதியில், இந்தக் கோப்பில் எத்தனை பதிவுகள் உள்ளன என்ற எண்ணிக்கை நான்கு பைட்டுகளில் எழுதப்பட்டிருக்கும். அது 12,940 என்றது. ஆனால் கோப்பின் மொத்த அளவு 1,847,228 பைட். பில் கட்டு ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். தலைப்பகுதிக்கு 801 பைட், கடைசியில் முடிவுக்குறிக்கு ஒன்று, இவற்றைக் கழித்து, ஒரு பதிவின் நீளமாகிய 142 ஆல் வகுத்தால் மீதியின்றி 13,003 வந்தது. வித்தியாசம் 63. கணக்கப்பிள்ளை அதற்குள் காபன் பிரதிகளை எண்ணி முடித்திருந்தார். "அறுபத்து மூன்று" என்றார். நான் கணக்குப் போட்ட கடதாசியை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

பில்கள் எங்கும் கரையவில்லை; கோப்புக்குள்ளேயே இருந்தன. மின்சாரம் நின்றதால் எண்ணிக்கை மட்டும் புதுப்பிக்கப்படவில்லை. கோப்பைப் பிரதி எடுத்துக்கொண்டு, அதைப் பைட் பைட்டாகத் திறந்து காட்டும் நிரலில், எண்ணிக்கையில் 256 இன் மடங்குகள் போக எஞ்சுவதைக் காட்டும், 140 என்று இருந்த ஒரேயொரு பைட்டை 203 ஆக மாற்றினேன். பிறகு, பதிவுகளைத் தேடி எடுக்க உதவும் சுட்டிக் கோப்புகளைப் புதிதாகக் கட்டினோம். 63 பில்களும் வரிசையாகத் திரையில் வந்தன. எந்த விரிவுரை மண்டபத்திலும் ஒரு கோப்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது எனக்கு இவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்காது.

ஆகவே ஆதரவுப் பிரிவில் சேர் என்று அவளிடம் சொல்லத்தான் எனக்கு மனம் வருகிறது. ஆனாலும் என் காலம் வேறு. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கொட்டாஞ்சேனைக்காரன் எழுதியது:

மெரைன்டிரைவ் அண்ணா, உங்கள் 63 பில் சம்பவத்தை இரண்டு தரம் வாசித்தேன். ஆனால் உங்கள் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை, அதை நேராகவே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் இரண்டு பேர் இருந்த இடத்தில் வேலை செய்தீர்கள். நான் 2003 இல் இணையச் சேவை வழங்கும் நிறுவனமொன்றின் உதவி மையத்தில் சேர்ந்தேன். அங்கே ஒவ்வொரு அழைப்புக்கும் இத்தனை நிமிடம் என்று அளவு இருந்தது. அவ்வருடம் ஓகஸ்டில் பிளாஸ்டர் வைரஸ் வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். வாடிக்கையாளர் டயல்அப் இணைப்பில் ஏறிய சிறிது நேரத்தில் வின்டோஸ் எக்ஸ்பி திரையில் ஒரு பெட்டி தோன்றி, அறுபது வினாடிகளில் கணினி நின்றுவிடும் என்று எண்ணத் தொடங்கிவிடும். திருத்தக் கோப்பை இறக்க வேண்டும் என்றால் இணையத்தில் இருக்க வேண்டும். இணையத்தில் இருந்தால் கணினி நின்றுவிடும். அந்த அறுபது வினாடிக்குள், கட்டளைப் பெட்டியைத் திறந்து, எண்ணுவதை நிறுத்தும் கட்டளையைத் தட்டச்சு செய்ய, அதுவரை கட்டளைப் பெட்டியையே பார்த்திராத ஒருவருக்குத் தொலைபேசியில் எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும். இடைவெளி எங்கே, கோடு எங்கே என்பது உட்பட. முதல் தடவை தவறும், கணினி நின்று மீண்டும் எழும்பும்வரை இருவரும் காத்திருப்போம், மறுபடி முயல்வோம். தெகிவளையில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு நான்காம் தடவையில் சரிவந்தது. "மகனே, நின்றுவிட்டது, எண்ணுவது நின்றுவிட்டது" என்று அவர் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது.

அந்த அழைப்பு நாற்பது நிமிடம் பிடித்தது. மாத முடிவில் என் சராசரி நேரம் கூடிவிட்டது என்று கடிதம் தந்தார்கள்.

அதைவிடப் பெரிய கவலை இது. நான் வேலையை நன்றாகச் செய்தேன், அதனாலேயே என்னை அங்கிருந்து விடவில்லை. வலையமைப்புப் பிரிவுக்கு மூன்று தடவை விண்ணப்பித்தேன். "நீர் போனால் சிக்கலான அழைப்புகளை யார் எடுப்பது?" என்பதுதான் ஒவ்வொரு தடவையும் கிடைத்த பதில். ஆறு வருடம் போனது. என்னோடு படித்தவர்கள் அதற்குள் எங்கோ போய்விட்டார்கள். உங்கள் மருமகளின் சிநேகிதிகள் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதைத் தள்ளிவிட வேண்டாம்.

நிலா_வெள்ளவத்தை எழுதியது:

இருவரும் சொல்லாத ஒன்றை நான் சொல்ல வேண்டும். கேட்பது ஒரு பெண்பிள்ளை என்பதால் இது முக்கியம் என்று நினைக்கிறேன்.

நான் 1999 இல் சேர்ந்தேன். முதல் வருடம் முழுவதும், தொலைபேசியை எடுத்து வணக்கம் சொன்னவுடன், "தங்கச்சி, டெக்னிக்கல் ஆள் ஒருவரிடம் குடுங்கோ" என்று கேட்பார்கள். நான்தான் அந்த ஆள் என்று சொன்னால் மறுமுனையில் ஒரு அமைதி. சில பேர் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துத் திரும்ப எடுப்பார்கள், ஆண் குரல் கிடைக்கும் என்று. இதை நான் பொறுத்துக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன், ஒவ்வொரு தடவையும் மனம் புண்பட்டது. ஆனால் இரண்டாம் வருடத்தில் அதே வாடிக்கையாளர்கள் என்னைத்தான் வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். காரணம் நான் மூன்று மொழியிலும் குறிப்பெடுத்தேன். சிங்களத்தில் சொன்னதைச் சிங்களச் சொல்லிலேயே, தமிழில் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதி வைத்துவிடுவேன், பக்கத்தில் உண்மையில் இருந்த பழுதை எழுதுவேன். ஒருவர் மறுபடி எடுக்கும்போது அவர் போனமுறை பாவித்த சொல்லாலேயே நான் பேசுவேன். "போன முறை போலவே பட்டியல் பாதியில் அறுந்து நிக்குதோ ஐயா?" என்றால் அவருக்கு உடனே புரியும்.

அண்ணா குறிப்பிட்ட "எந்த வேலை நின்றது" என்ற கேள்வி மிகச் சரி. அதோடு நான் ஒருபோதும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: "நீங்கள் என்ன செய்தீர்கள்?" கணக்கெழுதும் பிள்ளை ஒன்று முதலாளி பக்கத்தில் நிற்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்டால், "நான் ஒன்றும் செய்யேல்லை" என்ற பதில்தான் வரும். யாரும் தன் தலையில் பழியைப் போட்டுக்கொள்ள மாட்டார்கள். "கடைசியாகத் திரையில் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால் எல்லாவற்றையும் சொல்வார்கள். கேள்வியின் அமைப்பிலேயே விடை இருக்கிறது என்பதை நான் கண்கூடாகக் கண்டது அந்த மேசையில்தான்.

பழைய_நிரலாளர் எழுதியது:

நான் தொலைபேசிக்கு மறுபக்கம், அதாவது நிரல் எழுதும் அறைக்குள் இருந்தவன். கொட்டாஞ்சேனைக்காரன் தம்பியின் வருத்தத்துக்கு எங்களைப் போன்றவர்களும் காரணம் என்பதால் இதை எழுதுகிறேன்.

1998 ஏப்ரல் 1 ஆம் திகதி பொருட்கள் சேவைகள் வரி வந்தபோது வீதம் 12.5 சதவீதம். ஒரே வீதம் என்பதால் அதை மென்பொருளின் அமைப்புக் கோப்பில் ஒரேயொரு இடத்தில் வைத்தோம். 2002 ஓகஸ்ட் 1 ஆம் திகதி அதற்குப் பதிலாகப் பெறுமதி சேர் வரி வந்தது, 10 சதவீதம், 20 சதவீதம் என்று இரண்டு வீதங்களுடன். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி வீதம் என்று நிரலை மாற்றினோம், இரவு பகலாக வேலை செய்து ஜூலைக் கடைசி வாரத்தில் புளொப்பிகளை அனுப்பினோம். பெருமையாகத்தான் இருந்தது.

அதற்கு ஒரு வாரம் முன்பு ஆதரவுப் பிரிவிலிருந்து ஒரு தங்கை எங்கள் அறை வாசலில் வந்து நின்று, "ஜூலையில் விற்ற சாமான் ஓகஸ்டில் திரும்பி வருமே, அதற்கு எந்த வீதம் போடும்?" என்று கேட்டார். நாங்கள் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "அதைப் பிறகு பார்ப்போம்" என்று நான்தான் சொன்னேன். அந்தப் பிரச்சினை ஓகஸ்ட் முதல் வாரத்திலேயே வந்தது. ஒரு இலட்சம் ரூபா சாமானை ஜூலையில் விற்றபோது 12,500 ரூபா வரி அறவிட்டிருந்தார்கள். சாமான் திரும்பி வந்தபோது எங்கள் நிரல் பொருளின் புதிய வீதத்தை எடுத்து வரியில் 10,000 ரூபாவை மட்டும் திருப்பும் வரவுக் குறிப்பை அச்சிட்டது. வாங்கியவர் 2,500 ரூபாவைக் கேட்டு நின்றார். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கொடுக்க வேண்டிய அறிக்கையும் பொருந்தவில்லை.

திருத்தம் என்னவென்றால், வீதத்தைப் பொருளில் மட்டும் வைக்காமல், விற்ற அந்த நேரத்தில் பில்லில் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் பதித்துவிடுவது. திரும்பி வரும்போது பழைய பில்லிலிருந்தே அதை எடுப்பது. 2004 ஜனவரியில் அவ்விரண்டு வீதங்களும் 15 சதவீதமாக ஒன்றிணைந்தபோது எங்களுக்கு ஓர் அழைப்புக்கூட வரவில்லை. அந்தத் தங்கையின் கேள்வியை ஜூலையிலேயே காது கொடுத்துக் கேட்டிருந்தால் 2002 இலும் வந்திருக்காது. அவர் நிரல் எழுதத் தெரியாதவர் என்பதால் நான் அவர் கேள்வியை மதிக்கவில்லை. சாமான் திரும்பி வரும் என்பது புறக்கோட்டையில் ஒரு கிழமை நின்றவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இருபது வருடம் கழித்தும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கணக்கப்பிள்ளை எழுதியது:

நான் கணினித் துறையைச் சேர்ந்தவன் அல்ல. முப்பது வருடம் புறக்கோட்டையில் கணக்கெழுதியவன், இப்போது ஓய்வு. மகன் இந்த இழையைக் காட்டினான்.

எங்கள் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். பேரேட்டில் எழுதிய காலத்தில் பிழை வந்தால் அது என் கையெழுத்தில் இருக்கும், நானே கண்டுபிடிப்பேன், நானே வெட்டித் திருத்திப் பக்கத்தில் கையொப்பம் வைப்பேன். கணினி வந்த பிறகு பிழை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அதைக் காட்டிலும், பிழை என்னுடையதா மெசினுடையதா என்று முதலாளிக்குச் சொல்ல என்னால் முடியவில்லை. அந்தப் பயத்தோடுதான் நாங்கள் உங்களுக்குத் தொலைபேசி எடுத்தோம். வெளியே லொறியில் சாமான் ஏற்றி முடித்து, சுமை தூக்கும் நாட்டாமைகள் நிற்பார்கள், பில் இல்லாமல் லொறி வெளிக்கிட முடியாது. "செத்துப் போச்சு" என்று சத்தம் போட்டது அதனால்தான், உங்களைக் குறைத்துப் பேச அல்ல.

எங்களுக்கு வந்துபோன ஆதரவுப் பிள்ளைகளில் ஒரு பையனை மறக்க முடியாது. அவன் வந்தவுடன் கணினியைத் தொட மாட்டான். என் பக்கத்தில் கதிரையைப் போட்டு, "ஐயா, இதைப் பேரேட்டில் எப்படி எழுதுவீர்கள்?" என்று கேட்பான். நான் எழுதிக் காட்டுவேன். பிறகுதான் விசைப்பலகையில் கை வைப்பான். அவனிடம் நான் கணினி படித்தேன், அவன் என்னிடம் இரட்டைப் பதிவுக் கணக்குப் படித்தான். பின்னர் அவன் கணக்கியல் பரீட்சைகளும் எழுதிச் சித்தியடைந்ததாகக் கேள்விப்பட்டேன்.

இரவுப்பணி எழுதியது:

ஐயா எழுதியதை வாசித்ததும் எனக்கும் எழுத வேண்டும் போலிருந்தது. நான் ஹோட்டல்களுக்கான வரவேற்பு மேசை மென்பொருளுக்கு ஆதரவு கொடுத்தவன். எங்கள் வேலையில் மிகவும் கடுமையான நேரம் நள்ளிரவு. அன்றைய கணக்கை மூடித் திகதியை அடுத்த நாளுக்கு மாற்றும் வேலை அப்போதுதான் நடக்கும்.

நம் நாட்டு நேரம் 1996 இல் இரண்டு தடவை மாறியது பலருக்கு நினைவிருக்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்த மே மாதம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள், ஒக்டோபரில் அரை மணி நேரம் திரும்ப எடுத்தார்கள். எஞ்சிய அரை மணி நேரம் 2006 ஏப்ரல் 15 ஆம் திகதி, நள்ளிரவு 12.30 க்குக் கடிகாரத்தை 12.00 ஆக்கித் திரும்ப எடுக்கப்பட்டது. முந்தின நாள் புத்தாண்டு. அலுவலகத்தில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. 12.00 க்கும் 12.30 க்கும் இடையிலான அரை மணி நேரம் அன்றிரவு இரண்டு தடவை வரப்போகிறது என்று எனக்குப் பின்னேரம்தான் உறைத்தது. கைவசமிருந்த பட்டியலில் ஒவ்வொரு ஹோட்டலுக்கும் எடுத்து, கணக்கை 12 மணிக்கு முன் மூடுங்கள், இல்லாவிட்டால் ஒரு மணிக்குப் பிறகு மூடுங்கள் என்று சொன்னேன்.

ஓரிடத்தில் மட்டும் செய்தி இரவுப் பணியாளரிடம் போய்ச் சேரவில்லை. அவர் 12.20 க்கு அன்றைய நாள் கணக்கை மூடினார், 12.25 க்கு மதுக்கூடப் பில் ஒன்று புதிய நாளில் விழுந்தது, 12.30 க்குக் கடிகாரத்தை மாற்றினார். அதன் பிறகு எந்தப் பில்லையும் நிரல் ஏற்கவில்லை. கடைசிப் பதிவுக்கு முந்திய நேரத்தில் இன்னொரு பதிவு வரக்கூடாது என்பது அதன் விதி. விருந்தினர் முன்னால் நிற்கிறார் என்று பதற்றத்தோடு பேசினார். என்னால் கொடுக்கக்கூடிய சரியான பதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. "ஒன்றையும் தொட வேண்டாம், கையால் பில் எழுதிக் கொடுங்கள், 12.26 ஆனதும் தட்டிப் பாருங்கள்." அந்த இருபத்தைந்து நிமிடமும் நான் தொலைபேசியை வைக்கவில்லை. அவருடைய ஊர், பிள்ளைகள், புத்தாண்டுக்கு வீட்டுக்குப் போக முடியாதது என்று கதைத்துக்கொண்டிருந்தோம். 12.26 க்குப் பில் விழுந்தது.

அடுத்த கிழமை முழுவதும் வேறு வகை அழைப்புகள். வின்டோஸின் நேர வலயப் பட்டியலில் நம் நாட்டுக்குரிய வரி, உலகப் பொது நேரத்தோடு பழைய ஆறு மணி நேர வித்தியாசத்தையே காட்டியது. கடிகாரத்தை மட்டும் கையால் மாற்றியவர்களின் மின்னஞ்சல்களில் நேரம் அரை மணி நேரம் பிழையாக விழுந்தது. சென்னை, கொல்கத்தா என்றிருக்கும் வரியைத் தெரிவு செய்யுங்கள் என்று நூறு பேருக்காவது சொல்லியிருப்பேன்.

இன்று நான் எழுதும் எந்த மென்பொருளிலும் நேரத்தை உலகப் பொது நேரத்தில்தான் சேமிக்கிறேன். ஏன் என்று கேட்கும் புதியவர்களுக்கு அந்த இரவைச் சொல்வேன்.

கொட்டாஞ்சேனைக்காரன் எழுதியது:

எல்லோருடைய பதிவுகளையும் வாசித்தேன். பழைய_நிரலாளர் அண்ணாவுக்கு நன்றி. அந்த அறை வாசலில் நானும் பல தடவை நின்றிருக்கிறேன், உள்ளே இருந்தவர் இப்படி எழுதுவார் என்று நினைத்ததில்லை.

என் எதிர்ப்பைக் கொஞ்சம் திருத்திச் சொல்கிறேன். வேலையில் பிழையில்லை, அது நடக்கும் இடத்தைப் பொறுத்தது. நீங்கள் எல்லோரும் விவரித்த சம்பவங்களில் ஒரு பொதுமை இருக்கிறது: பழுதின் அடிவரை போக உங்களுக்கு அனுமதி இருந்தது. கோப்பைத் திறக்க முடிந்தது, நிரலாளரின் வாசலுக்குப் போக முடிந்தது, இருபத்தைந்து நிமிடம் தொலைபேசியை வைக்காமல் இருக்க முடிந்தது. எனக்கு அது இருக்கவில்லை. ஆகவே அந்தப் பிள்ளை நேர்முகத்துக்குப் போன இடத்தில் மூன்று விடயங்களைக் கேட்டுப் பார்க்கட்டும். ஆதரவுப் பிரிவில் இருப்பவர் மூல நிரலைப் பார்க்கலாமா? அழைப்பை நிமிடக் கணக்கில் அளக்கிறார்களா? கடந்த இரண்டு வருடத்தில் அந்தப் பிரிவிலிருந்து வேறு பிரிவுக்கு யாராவது போயிருக்கிறார்களா, போனவர் இப்போது என்ன செய்கிறார்? மூன்றாவது கேள்விக்கு ஓர் ஆளைக் காட்ட முடியாவிட்டால் சேர வேண்டாம்.

புதுமேசை எழுதியது:

வணக்கம். நான் ஆதரவுப் பிரிவில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. எங்களுக்குத் தொலைபேசி மிகக் குறைவு. வாடிக்கையாளர் எழுத்தில் முறைப்பாடு அனுப்புவார், நாங்கள் தூரத்திலிருந்தே அவருடைய திரைக்குள் நுழைந்து பார்ப்போம். அப்படியிருக்க, நீங்கள் எல்லோரும் சொல்லும் கேட்கும் பழக்கம் இன்றைக்கும் வேண்டுமா? திரையே முன்னால் இருக்கிறதே.

நிலா_வெள்ளவத்தை எழுதியது:

தம்பியா தங்கையா தெரியவில்லை, நல்ல கேள்வி. திரையில் தெரிவது மென்பொருள் மட்டும். லொறி நிற்பது தெரியாது. அவர் கையில் இருக்கும் கடதாசி தெரியாது.

போன வருடம் என் பிரிவில் ஒரு பையன் ஒரு முறைப்பாட்டை மூன்று தடவை மூடினான். வாடிக்கையாளர் மூன்று தடவையும் மீண்டும் திறந்தார். "மொத்தம் பிழை" என்பதுதான் முறைப்பாடு. திரையில் மொத்தம் மிகச் சரியாக இருந்தது. நான் அவருக்கு எடுத்து, எதைப் பார்த்து மொத்தம் பிழை என்கிறீர்கள் என்று கேட்டேன். அச்சிட்ட பட்டியலைப் பார்த்து என்றார். அவருடைய பிரிண்டரில் கடதாசி அளவு பிழையாகத் தெரிவாகியிருந்ததால் ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியும் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. அவர் கூட்டிப் பார்த்தது கடதாசியில் இருந்த வரிகளை. அவர் சொன்னது முழு உண்மை. எங்கள் பையன் பார்த்ததும் முழு உண்மை.

மெரைன்டிரைவ் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

நேற்றிரவு மருமகளை வீட்டுக்கு வரச் சொல்லி இந்த இழையை வாசிக்கக் கொடுத்தேன். கொட்டாஞ்சேனைக்காரன் தம்பியின் மூன்று கேள்விகளையும் அவள் தொலைபேசியில் குறித்துக்கொண்டு, இன்று காலை அந்த நிறுவனத்துக்கு எடுத்துக் கேட்டிருக்கிறாள். மூல நிரலை வாசிக்கலாம், மாற்ற முடியாது என்றார்களாம். நிமிடக் கணக்கு இல்லையாம். மூன்றாவது கேள்விக்கு, இப்போது தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கும் ஒரு பெண்ணோடு பேச நாளைக்கு நேரம் ஒதுக்கித் தந்திருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் முடிவெடுப்பாள். நான் இனி ஒன்றும் சொல்லப் போவதில்லை.

நிலா, உங்கள் திருத்தத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். என் பழைய குறிப்புப் புத்தகங்களில் ஒன்று வீட்டில் இருக்கிறது, நேற்று எடுத்துப் பார்த்தேன். "என்ன செய்தீர்கள் என்று கேட்டேன், ஒன்றும் செய்யவில்லை என்றார்" என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறேன். அவற்றில் எத்தனை அழைப்புகளை ஒரு நல்ல கேள்வியால் அரை மணி நேரம் முன்னதாக முடித்திருக்கலாம் என்று எண்ணியபடி இருந்தேன். புத்தகத்தை மருமகள் கேட்டாள், கொடுத்தனுப்பிவிட்டேன்.